முகத்தை நல்லாக் காட்டும்மா

மார்ச் 4

வாலுக்கு,

அம்மா எழுதுவது. கடிதமா என்று வாயைப் பிளக்காதே. இனிமேல் நீ கூப்பிட்டால் இந்த வீட்டில் போன் எடுக்கப்படாது. வீடியோ வேண்டவே வேண்டாம், வெறும் குரல்கூட வேண்டாம். மூஞ்சியைப் பார்த்தே நாடி பிடிக்கிறவள், குரலைக் கேட்டுக் குடலையும் எண்ணிவிடுவாய். காகிதத்துக்குத் தோலும் இல்லை, ரத்தமும் இல்லை. அதனால் காகிதம்.

நடந்ததை ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் திருத்து. சில மாதமாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் ஒரே பல்லவி. "அம்மா, ஜன்னல் பக்கமா உட்காரு, வெளிச்சம் படட்டும்." "அம்மா, எனக்குப் போய் எதுக்குப் பவுடர், துடைச்சிட்டு வா." "அம்மா, ஆடாம இரு. முகத்தை நல்லாக் காட்டும்மா." நானும் காட்டினேன். நாடகக் கம்பெனியில் இத்தனை காலம் ஊரார் முகத்துக்கெல்லாம் மேக்கப் போட்டவள் நான். என் முகத்தை யாரும் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. உன் அப்பா போனபிறகு கேட்கவும் ஆளில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அசையாமல் உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது, அதைக்கூடச் சொல்லவில்லை.

போன ஞாயிறு உனக்கு வாய் தவறியது. "மெதுவாப் பேசும்மா, போன வாரம் மாதிரி நூறைத் தாண்டுது" என்றாய். என்ன நூறு என்றேன். மழுப்பினாய். நான் விடவில்லை. அப்புறம் மூட்டையை அவிழ்த்தாய். தொடாமல், சாதாரண கேமராவை வைத்தே ஒரு ஆளின் நெஞ்சுத் துடிப்பை எண்ணுகிற புரோகிராமைத்தான் உன் ஆபீசில் செய்கிறீர்களாம். அதைப் போட்டு அத்தனை மாதமாக என்னை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாய். ஆக, நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான்தான் பைத்தியக்காரி மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நெஞ்சும் வேறுதான். அதில் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேள், எனக்கு வாய் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்க்கிறதுக்கு அது பக்கத்து வீட்டு ஜன்னல் இல்லை.

வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்து எட்டாவது மாடியில் உட்காரு என்று பாடுவாயே, அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். வரமாட்டேன். என் பிரஷ் பெட்டியைத் தூக்க முடிகிற வரைக்கும் தூக்குவேன்.

உன் அம்மா

*

மார்ச் 13

அம்மா,

உன் கடிதம் வந்தது. ஆபீசில் எனக்குக் கடிதம் வந்ததைப் பார்த்துக் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அதுதான்.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருந்தால், இல்லை. சொல்லாமல் செய்தது தப்பு. செய்தது தப்பில்லை. உன்னிடம் "எப்படி இருக்கே" என்று கேட்டால் என்ன சொல்வாய்? "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். காலில் ஆணி குத்தியபோதும் அதைத்தான் சொன்னாய். உன் வாயைக் கேட்டால் பொய் சொல்லும் என்று தெரிந்துதான் உன் கன்னத்தைக் கேட்டேன்.

அது மந்திரமும் இல்லை, ஒட்டுக்கேட்பதும் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்துக்கு ரத்தம் வந்து போகிறது. அப்போது தோலின் நிறம் துளியூண்டு மாறுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நெற்றியிலும் கன்னத்திலும் அந்த மாற்றத்தை எண்ணினால் நாடி கிடைத்துவிடும். அதனால்தான் வெளிச்சம், அதனால்தான் ஆடாதே, அதனால்தான் பவுடர் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள். நான் இங்கே சேர்ந்தபோது எங்கள் புரோகிராமுக்கு வெளுத்த முகம்தான் கண்ணுக்குத் தெரியும். எல்லோரும் வரிசையாக நின்று நாடி பார்த்துச் சிரித்தார்கள். என் முறை வந்ததும் வெறும் கோடு போட்டது. "உனக்கு நெஞ்சே இல்லை போல" என்று ஒருத்தன் சொன்னான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. நம்மைப் போலக் கறுத்த முகத்திலும் அது துடிப்பைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் யாரையும் தூங்க விடவில்லை. அந்தச் சண்டையில் ஜெயித்தவளிடம் வந்து ஜன்னலை எட்டிப் பார்க்காதே என்கிறாய்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரி. எடுத்ததும் நூற்று நான்கு, நூற்றெட்டு. ஐந்து நிமிஷம் அப்படியே ஓடிவிட்டு எண்பதுக்கு இறங்குகிறது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஏன் ஓடுகிறது? இந்த லட்சணத்தில் நீ நாடகத் துணிப்பெட்டியோடு மாடிப்படி ஏறுகிறாய்.

அதனால் ஒன்று செய்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். மேனேஜருக்குப் போன் பண்ணி, உனக்கு நெஞ்சு சரியில்லை, டாக்டர் பார்க்கிற வரைக்கும் வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். திட்டு. ஆனால் டாக்டரிடம் போ.

வாலு

*

மார்ச் 21

மகாராணிக்கு,

தெரிந்தது. நல்லபடியாகத் தெரிந்தது. ஒத்திகைக்குப் போனேன். மேக்கப் அறையில் என் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பியூட்டி பார்லரில் இருந்து கூட்டி வந்த சின்னப் பெண், பாவம், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என் பிரஷ் பெட்டி அவள் மடியில் இருந்தது. மேனேஜர் வந்து என் தோளைத் தட்டி, "நீங்க போய் ரெஸ்ட் எடுங்கக்கா, உங்க பொண்ணு எல்லாம் சொல்லிடுச்சு" என்றார். பத்துப் பேர் பார்க்க. நடிகர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அப்போதே செத்துவிட்ட மாதிரியும் தெரியாமல் நடந்து வந்துவிட்ட மாதிரியும் இருந்தது.

அந்தப் பெண் கொலைகாரன் வேஷத்துக்குக் கன்னத்தில் சிவப்புத் தடவி அனுப்பினாள். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். நீ கல்லோடு நிறுத்தவில்லை, அதை எடுத்து எறிந்தும் விட்டாய். உன் அப்பா போன மறுமாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசியது. மேக்கப் அறையில் அவர் கடைசியாக உட்கார்ந்த அதே நாற்காலியில் வேறு ஆட்களை உட்கார வைத்து முகம் எழுதினேன். அப்போதுகூட அந்த அறையிலிருந்து என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. நீ ஒரு போனில் அனுப்பிவிட்டாய்.

நூற்று நான்கு ஏன் என்று கேட்டாய் அல்லவா? இத்தனை படித்தவளுக்கு இது தெரியவில்லை. எடுத்ததும் ஐந்து நிமிஷம் ஓடுகிறது, அப்புறம் அடங்குகிறது. வாரம் முழுக்கக் காத்திருந்து, திரையில் உன் மூஞ்சி தெரிகிற நேரத்தில் ஓடாத நெஞ்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? உன் புரோகிராமுக்கு அது வியாதி. எனக்கு அதற்குப் பேர் மகள்.

டாக்டரிடம் போகமாட்டேன். நீ சொன்னதற்காக நிச்சயம் போகமாட்டேன்.

ஆனால் ஒரு சலுகை தருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு வீடியோவில் கூப்பிடு. ஜன்னலோரம் ஆடாமல் உட்கார்ந்திருக்கும், ஆசை தீர எண்ணிக்கொள். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அம்மா

*

ஏப்ரல் 1

அம்மா,

போனை எடுத்ததற்கு நன்றி. நீ எடுக்கமாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல் பக்கம் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சாம்பல் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே இருந்தாய். படம் வேறு விட்டு விட்டு வந்தது. நான்தான் லூசு மாதிரி பேசிக்கொண்டே இருந்தேன். கன்னத்துச் சுருக்கமெல்லாம் தெரிந்தது. "இளைச்சிட்டியாம்மா" என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. உன் வைராக்கியத்துக்கு ஒரு கும்பிடு.

அளந்தேன். ஆமாம், நீயே எண்ணிக்கொள் என்றாய். அறுபத்தாறு. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அறுபத்தாறு. இத்தனை சுத்தமான கோடு உன் முகத்திலிருந்து எனக்குக் கிடைத்ததே இல்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அப்புறம்தான் இதை எழுதத் துணிச்சல் வந்தது.

நான் ஏன் இப்படிச் செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அப்பா போன அன்றைக்குப் பகல் காட்சிக்கு முன்னால் ஹாஸ்டலில் இருந்த என்னை வீடியோவில் கூப்பிட்டார், ஞாபகம் இருக்கிறதா? மேக்கப் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னும் வேஷம் போடவில்லை, வெறும் முகம். அன்றைய வசனத்தை எனக்குச் சொல்லிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்து, நடுவில் மறந்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி மறந்து. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கேலி பண்ணலாம் என்று அதைப் பதிவும் செய்தேன். நீ பின்னால் எதையோ தூக்கிக்கொண்டு போகிறாய், உன் முதுகு மட்டும் தெரிகிறது. சாயங்காலம் நீ கூப்பிட்டுச் சொன்னாய்.

இந்த வேலையில் சேர்ந்ததும் புரோகிராமைக் கொண்டுபோய் முதலில் அந்தப் பதிவின் மேல்தான் ஓட்டினேன். யாருக்கும் தெரியாது. அம்மா, அது வந்தது. அப்பாவின் துடிப்பு. கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும், ஒன்று விழும், இரண்டு முட்டிக்கொண்டு சேர்ந்து வரும், நின்று போகும், மறுபடி ஓடும். அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் வசனம் மறந்துபோய்த் திணறினாரே, அது நெஞ்சு இடறியதால்தானோ என்னவோ. அதைப் பார்த்துத்தான் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, டாக்டர்கிட்ட போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஒருத்தரைக் கோட்டை விட்டாயிற்று. உன்னையும் கோட்டை விடமாட்டேன். நீ என்னை வெறுத்தாலும் சரி, கடைசிவரை கடிதமாகவே எழுதினாலும் சரி, எண்ணுவதை நிறுத்தமாட்டேன். மேனேஜரிடம் சொன்னதையும் திரும்ப வாங்கமாட்டேன்.

வாலு

*

ஏப்ரல் 9

என் கண்ணு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு இருந்தேன். உன்னுடையது வந்தது. இப்போது சிரிப்பு இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், உனக்கு அது தேவைப்படுகிறது.

அந்த ஞாயிறு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான் இல்லை. மாப்பிள்ளை.

விக் மாட்டி வைக்கிற தலையைத்தான் சொல்கிறேன். வீட்டில் அலமாரி மேல் இருக்குமே, எதைத் தலையில் வைத்தாலும் பேசாமல் இருக்கிறதே என்று அதற்கு நாங்கள் மாப்பிள்ளை என்று பேர் வைத்தோமே, அது. வீட்டில் மிச்சமிருந்த சாயத்தைப் போட்டு என் முகத்தை அதில் எழுதினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், நெற்றியில் மூன்று கோடு, வாயோரம் இரண்டு. நரைத்த விக்கை மாட்டி, என் மூக்குக்கண்ணாடியை வைத்து, சால்வையைச் சுற்றினேன். மின்விசிறியை மெதுவாகச் சுற்ற விட்டேன், சால்வை கொஞ்சம் அசையட்டும் என்று. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தேன். நீ மாப்பிள்ளையைப் பார்த்து இளைத்துவிட்டாயா என்று கேட்டபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்தத் தலைக்குத்தான் உன் புரோகிராம் அறுபத்தாறு கொடுத்தது. சுத்தமான கோடு என்றாய். தெர்மாகோலுக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது, வாழ்க.

நான் உன்னைத் தோற்கடிக்கத்தான் இதைச் செய்தேன். இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எண்ணுவாய் என்று கேட்க இருந்தேன். இப்போது அந்தக் கேள்வி வேண்டாம். வேறொன்று சொல்கிறேன், கவனமாகப் படி.

அன்றைக்கு உன் அப்பா வெறும் முகத்தோடு இல்லை.

முழு மேக்கப்பில் இருந்தார். அந்த நாடகத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேஷம். தாடி மீசை கிடையாது, கண்ணில் படுகிற சாயம் கிடையாது, சாதாரண மனுஷன். ஆனால் மேடை வெளிச்சத்தில் வெறும் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். அதற்காக நெற்றியிலிருந்து கழுத்துவரை கனமாகப் பூசி, பூசியதே தெரியாதபடி தேய்த்து எடுக்க வேண்டும். அவர் நிறத்துக்குக் கடையில் டப்பா கிடைக்காது, எல்லாம் வெளுத்த முகத்துக்குச் செய்தது. மூன்று டப்பாவிலிருந்து நானே கலப்பேன். அவர் உன்னைக் கூப்பிட்டபோது நான் வேலையை முடித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன், அதுதான் உன் படத்தில் என் முதுகு. பெற்ற மகளே வெறும் முகம் என்று நம்பியிருக்கிறாய். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இப்படி ஒரு இடத்தில் வந்து கிடைக்க வேண்டுமா என்றுதான் இருக்கிறது.

பவுடரைத் துடை, இல்லாவிட்டால் தெரியாது என்று என்னிடம் சொன்னவள் நீ. அப்படியென்றால் அத்தனை கனமான பூச்சுக்குள் இருந்த ரத்தம் உன் புரோகிராமுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு உன் படிப்பு இல்லை, நீயே யோசி. நான் ஒரே ஒரு துப்பு தருகிறேன். அந்தக் கண்ணாடிக்கு மேலே வரிசையாக பல்பு இருக்கும். இடது ஓரத்தில் இருந்தவன் ஒழுங்காக எரியமாட்டான், தள்ளாடுவான். அப்பா அவனுக்குக் குடிகாரன் என்று பேர் வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கன்னத்தில் நிறம் கலக்கிறவளுக்கு எரிச்சலாக இருக்கும், நிழல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

வசனம் மறந்ததற்கும் நெஞ்சைக் காரணம் காட்டாதே. அந்த மனுஷன் கல்யாணம் ஆன நாளிலிருந்து வசனம் மறந்தார். மேடைக்குப் போய் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு வந்தார்.

இதுவரை உன்னிடம் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். காட்சி முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துடைக்க ஆரம்பித்தேன். பாதி முகம் துடைத்தாயிற்று. என் இடது கை அவர் கழுத்தடியில்தான் இருந்தது, முகம் ஆடாமல் இருக்க அங்கேதான் பிடிப்பேன். தையல்காரரை எதற்கோ திட்டிக்கொண்டு இருந்தார், பேச்சு நின்றது. "இந்தப் பக்கம் திரும்புங்க" என்றேன். திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். விளையாடுகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவர் நாடியின் மேல் கை வைத்திருந்தவள் நான். எனக்கே தெரியவில்லை. எங்கேயோ ஹாஸ்டலில் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தாயா, அடிப்பாவி. கீழே போடு. இப்போதே போடு. அதைக் கொண்டுவந்து என் கழுத்தில் கட்டவும் வேண்டாம்.

அம்மா

*

ஏப்ரல் 17

அம்மா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் வைத்துப் படித்தேன். வெளியே வர நேரமாயிற்று.

அந்தப் பதிவை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அப்பாவின் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற சுவரைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். அதே துடிப்பு. அதே இடத்தில் விழுகிறது, அதே இடத்தில் முட்டிக்கொள்கிறது. கண்ணாடிச் சட்டத்திலும் அதுதான். கொக்கியில் தொங்குகிற துண்டிலும் அதுதான். துண்டுக்கு மாரடைப்பு வராது. குடிகாரன்தான் அம்மா. நாடியின் வேகத்தில் எது ஆடினாலும் அதைப் பிடித்துக்கொண்டு இதுதான் நெஞ்சு என்று சத்தியம் செய்கிற குணம் எங்கள் புரோகிராமுக்கு உண்டு. மாப்பிள்ளைக்கு வந்த அறுபத்தாறு உன் மின்விசிறி. சுவரையும் சேர்த்துப் பார் என்று அடுத்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அப்பா விஷயத்தில் பார்க்கத் தோன்றவில்லை. முகத்தில் தெரிந்ததும் நம்பிவிட்டேன். நம்ப வேண்டும் என்று இருந்தது போல.

அவருடைய துடிப்பு என்னிடம் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயமாக இருந்தாலும் அது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நிம்மதியாகவும் இருக்கிறது, மறுபடி ஒரு தடவை அவர் போன மாதிரியும் இருக்கிறது. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

மேனேஜருக்குப் போன் பண்ணினேன். நான் சொன்னது ஆதாரமில்லாதது, அம்மாவைக் கேட்காமல் சொன்னது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு போட்ட மேக்கப்புல வில்லனைப் பாத்து ஆடியன்ஸ் சிரிச்சிட்டாங்கம்மா, அக்காவை உடனே வரச் சொல்லு" என்றார்.

உன்னை எண்ணிவைத்ததையெல்லாம் அழித்துவிட்டேன். கேட்காமல் இனி எண்ணமாட்டேன். ஆனால் வேலையை விடமாட்டேன், அதையும் கேட்டுக்கொள். தொட முடியாத குழந்தைக்கும் தீப்புண் பட்ட ஆளுக்கும் இது வேண்டும். நம் நிறத்து முகத்துக்கும் வேண்டும். சொல்லிவிட்டுப் பார்த்தால் இது நல்ல காரியம்தான், சண்டைக்கு வா.

டாக்டரிடம் போ என்று இனிச் சொல்லமாட்டேன். கவலைப்படாமல் இருக்க மட்டும் என்னால் முடியாது.

வாலு

*

ஏப்ரல் 26

வாலுக்கு,

பிரஷ் பெட்டி வந்துவிட்டது. அந்தப் பெண்ணே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரஷ்ஷை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்திருந்தாள், மனசு கேட்கவில்லை. என் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் பத்துப் பேர் முன்னால் என்னை அனுப்பினார் அல்லவா, அதே பத்துப் பேர் முன்னால் "வாங்கக்கா" என்று சொல்ல வைத்துத்தான் உள்ளே போனேன். இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை எனக்குக் காது கேட்கவில்லை.

வேலை செய், யார் விடச் சொன்னது. கறுத்த முகத்தைப் பார்த்து நெஞ்சே இல்லை என்று சொன்னவனிடம் சண்டை போட்டாய் பார், அன்றைக்கு நீ என் மகள். அந்தச் சண்டைக்கு என் முகம் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேள். உட்கார்ந்து தருகிறேன், பவுடரைத் துடைத்துவிட்டே தருகிறேன். ஆனால் சுவரையும் சேர்த்துப் பார்.

டாக்டரிடம் போனேன். நீ சொல்லமாட்டேன் என்றதால் போனேன். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். என்னைக் கேட்டுவிட்டு, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒட்டினார்கள், அந்த மரியாதை அங்கே இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும். ஆனாலும் நீ அங்கே உட்கார்ந்து நகத்தைக் கடிப்பாய் என்று தெரியும். அதனால் நானே பார்த்து ஒரு துண்டு தருகிறேன்: காலையில் ஒரு சின்ன மாத்திரை, மாடிப்படியில் கனமான பெட்டி கூடாது. பெட்டியை வில்லன் தூக்குகிறான். அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்டால் மாப்பிள்ளைதான் பதில் சொல்வார்.

கவலைப்படு. அதற்கு யாரும் வரி போடவில்லை. நானும் உன்னைப் பற்றிப் படுகிறேன், எந்தக் கேமராவும் இல்லாமல்.

அப்பாவின் அந்தப் பதிவை அழித்துவிடாதே. எண்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பு. அவர் வசனம் மறப்பதைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. என் கைவேலையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு கூப்பிடு. இந்தத் தடவை நானே வருவேன். ஜன்னலோரம்தான் உட்காருவேன், வெளிச்சம் நன்றாக விழும். ஆனால் நெற்றியிலிருந்து கழுத்துவரை நானே கலந்த கலவையைக் கனமாகப் பூசிக்கொண்டு, பூசியதே தெரியாதபடி உட்காருவேன். உன் கேமராவுக்கு ஒரு துடிப்பும் கிடைக்காது. நீ கேட்டாயே என்று முகத்தை நன்றாகத்தான் காட்டப் போகிறேன். என் நெஞ்சு அப்போது எப்படி ஓடுகிறது என்று நீயே பார்த்துச் சொல்லு.

உன் அம்மா